குதிரையின் மேல் நேராக உட்காருவது: வலிமைக்கு முன்னால் வேண்டியது உடலுணர்வு

ஓராண்டாகக் குதிரைச் சவாரி கற்று வருவதாகவும், வாக் எனப்படும் நடையில் சிரமம் இல்லை என்றாலும், டிராட் எனப்படும் துள்ளோட்டத்தில் எழுந்து எழுந்து அமராமல் சேணத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொன்னால் உடல் துள்ளி விழுவதாகவும், அத்துடன் எப்போதும் வலப்பக்கமாகச் சரிந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "குதிகாலை இறக்கு, தோளைப் பின்னால் தள்ளு, நேராக உட்கார்" என்று பயிற்சியாளர் சொல்லும்போது சில நிமிடங்கள் சரியாக இருந்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறீர்கள் என்பதையும் குறிப்பிட்டு, வயிற்றையும் தொடையையும் வலுப்படுத்தும் உடற்பயிற்சிகளைச் செய்தால் இது தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வலிமை உதவும். ஆனால் நீங்கள் விவரித்திருப்பது வலிமைக் குறைவின் அடையாளமாக எனக்குத் தெரியவில்லை. வலிமை குறைந்தவர் சவாரியின் கடைசிப் பத்து நிமிடங்களில்தான் குலைவார். நீங்களோ முதல் சுற்றிலேயே சரிகிறீர்கள், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக. உங்கள் உடல் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குக் கிடைக்கும் செய்தியே பிழையாக இருக்கிறது. அந்தப் பிழையைத் திருத்தாமல் வலிமையை மட்டும் கூட்டினால், கோணலான இருக்கை முன்பைவிட உறுதியான கோணலாக மாறும். ஆகவே இந்தப் பதிலின் பெரும்பகுதி உடலை உணர்வது பற்றியதாகவே இருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொட நம்மால் முடிகிறது. தசைகளுக்குள் இருந்து நீட்சியை அளக்கும் நுண்ணிய உறுப்புகள், தசைநாண்களிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்விகள், உட்செவியின் அரைவட்டக் குழல்கள், தோலின் மேல் படும் அழுத்தம், கண் தரும் காட்சி ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து மூளை தன் உடலின் நிலையைக் கணித்துக்கொண்டே இருப்பதால்தான் அது முடிகிறது. ஆனால் நெடுநாள் பழகிய ஒரு நிலையை மூளை "இதுதான் நேர்" என்று எடுத்துக்கொண்டுவிடும். பல ஆண்டுகள் வலத்தொடையின் மேல் எடையைப் போட்டு உட்கார்ந்தவருக்கு, வலப்பக்கம் கனமாக இருப்பது தனியாக உணரத்தக்க ஒன்றாகவே தோன்றாது.

டாஸ்மேனியாவில் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர் (1869–1955) மேடையில் கவிதைகளை ஒப்புவிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். அடிக்கடி குரல் அடைத்துப்போனதன் காரணத்தைத் தேடித் தம்மைச் சுற்றிக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தபோது, பேசத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை இறுக்குவதைக் கண்டார். அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அடுத்து வந்தது: தலையை முன்னே விட்டுவிட்டோம் என்று அவர் உறுதியாக உணர்ந்த தருணத்திலும், கண்ணாடியில் தெரிந்த தலை பின்னுக்கே இழுபட்டிருந்தது. உணர்வு சொன்னதும் உண்மையில் நடந்ததும் வேறு வேறாக இருந்தன. சவாரி கற்பவர்கள் எல்லோரும் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி என்று இதை நான் கருதுகிறேன். பயிற்சியாளர் உங்களை நிமிர்த்தி நேராக்கும்போது, உங்களுக்கு இடப்பக்கம் விழப்போவது போல இருக்கும். அவர் பார்வை அகன்றதும், "வசதியான" இடத்துக்கு உடல் தானே திரும்பும். கட்டளைகள் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காததன் காரணம் இதுதான். உங்களிடம் கவனமோ அக்கறையோ குறைவு என்பதன்று. முதல் சில வாரங்களுக்குச் சரியான நிலை உங்களுக்குத் தவறானதாகவே தோன்றும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எந்த நிலையை நோக்கிப் போகிறோம் என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில், சட்டகம் கொண்ட சேணமும், பாதத்தை நுழைத்து ஊன்றும் வளையமான ஸ்டிரப்பும் இல்லாத காலத்தில் எழுதிய கிரேக்கரான செனஃபோன், குதிரையின் மேல் நாற்காலியில் அமர்வது போல அமரக் கூடாது, கால்களை அகற்றி நிமிர்ந்து நிற்பவர் போல இருக்க வேண்டும் என்றும், முழங்காலுக்குக் கீழே கால் தளர்வாகத் தொங்க வேண்டும் என்றும் சொன்னார். இன்றைய பயிற்சியாளர்கள் காது, தோள், இடுப்பு மூட்டு, குதிகால் ஆகியவை ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும் என்று சொல்வதும் அதையேதான். குதிரையை அப்படியே கீழிருந்து உருவிவிட்டால் நீங்கள் தரையில் இரு பாதங்களிலும் விழாமல் நிற்க வேண்டும். நாற்காலியில் அமர்வது போல் கால் முன்னால் போயிருந்தால் பின்பக்கம் விழுவீர்கள். உடல் முன்னால் சாய்ந்து முழங்கால் பின்வாங்கியிருந்தால் முகம் குப்புற விழுவீர்கள்.

குதிரை இல்லாமல், மரத்தாலான கெட்டி நாற்காலி ஒன்றில் தொடங்குங்கள். பாதங்கள் தரையில் இருக்கட்டும். இரு உள்ளங்கைகளையும் மேல்நோக்கித் திருப்பிப் பிட்டத்தின் அடியில் வைத்தால், ஒவ்வொரு பக்கமும் ஒரு முண்டு எலும்பு கையில் அழுத்தும். இடுப்புக்கூட்டின் அடிமுனைகளான இவைதான் உட்காரும் எலும்புகள். சேணத்தின் வழியாகக் குதிரையின் முதுகோடு நீங்கள் பேசுவது இவற்றின் மூலமே. எந்தக் கையில் அழுத்தம் அதிகம், எந்த எலும்பு சற்று முன்னால் இருக்கிறது, எது கூராகத் தெரிகிறது, எது சதைக்குள் மங்கலாக இருக்கிறது என்று பாருங்கள். எதையும் திருத்த வேண்டாம். பிறகு கைகளை எடுத்துவிட்டு, அதே வேறுபாட்டை நாற்காலியின் பலகையிலேயே உணர முடிகிறதா என்று பாருங்கள். பலருக்கும் முதல் நாளில் ஓர் எலும்பு தெளிவாகத் தெரியும், மற்றது இருக்கும் இடமே தெரியாது. தெரியாமல் இருக்கும் அந்தப் பக்கத்துக்குத்தான் உங்கள் கவனம் தேவை.

அடுத்தது இடுப்பு மூட்டு. இடுப்பில் கைவைத்து நில்லுங்கள் என்றால் நாம் கையை வைப்பது இடுப்புக்கூட்டின் மேல்விளிம்பில். தொடையெலும்பு வந்து சேரும் மூட்டு அங்கே இல்லை. அது வெகுவாகக் கீழே, தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பின் நடுவில், ஆழத்தில் இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு முழங்காலை மெல்ல உயர்த்தினால் அந்த மடிப்பு ஆழமாவதை விரலால் தொட்டு அறியலாம். மூட்டு மேலே இருப்பதாக மனம் எண்ணிக்கொண்டிருந்தால், குதிரை அசையும்போது உடல் அங்கே, அதாவது கீழ்முதுகில், மடங்கப் பார்க்கும்; உண்மையான மூட்டு பூட்டிக்கொள்ளும். டிராட்டில் துள்ளுபவர்களிடம் நான் மிக அதிகமாகப் பார்த்தது இதைத்தான். மூட்டு எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதாலேயே சிலருக்குத் தொடை தளர்ந்து கீழே இறங்குவதைக் கண்டிருக்கிறேன்.

வீட்டில் செய்வதற்கு ஒரே ஒரு பயிற்சியைச் சொல்லச் சொன்னால், மல்லாந்து படுத்துச் செய்யும் இடுப்புக் கடிகாரத்தையே சொல்வேன். இது, உடலசைவின் வழியே உடலுணர்வைக் கற்பித்த மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) வழிவந்தவர்களிடம் பெரிதும் புழங்குவது. பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றிக்கொள்ளுங்கள். இடுப்பின் பின்புறம், முதுகெலும்பின் அடியில் இருக்கும் தட்டையான எலும்புக்குக் கீழே ஒரு கடிகார முகம் இருப்பதாக எண்ணுங்கள். தொப்புள் பக்கம் 12, வாலெலும்புப் பக்கம் 6, இடுப்பின் இரு பக்கங்களில் 3, 9. முதலில் எடையை 12க்கும் 6க்கும் இடையில் மெல்ல உருட்டுங்கள். 12ஐ நோக்கிப் போகும்போது கீழ்முதுகு பாயில் படியும். 6ஐ நோக்கிப் போகும்போது ஒரு வளைவு எழும். பிறகு 3க்கும் 9க்கும் இடையில். பிறகு ஒவ்வோர் எண்ணாகத் தொட்டு முழு வட்டம். எங்கோ ஓரிடத்தில் வட்டம் அறுபட்டு, எடை 7இலிருந்து 9க்குத் தாவிவிடும். 8 என்ற எண்ணே உங்கள் கடிகாரத்தில் இல்லாதது போல இருக்கும். அங்கே வேகத்தைக் குறைத்து, முயற்சியைப் பாதியாக்கி, மூச்சை அடக்காமல் மறுபடி கடந்து பாருங்கள். தாடை இறுகியிருந்தால் தளர்த்துங்கள். தாடை இறுகினால் இடுப்பும் இறுகுவதை அப்போதே உணர்வீர்கள். பத்து நிமிடங்கள் போதும். வலிக்கும் அளவுக்கு எதையும் செய்ய வேண்டாம்.

முயற்சியைக் குறைக்கச் சொல்வது சொகுசுக்காக அன்று. 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பிடி அரிசி கூடினால் நமக்குத் தெரியாது; உள்ளங்கையில் ஒரு பிடி இருக்கும்போது இன்னொரு பிடி சேர்ந்தால் உடனே தெரியும். தசைகளும் அப்படித்தான்: உழைப்பு கூடக்கூட நுண்ணிய வேறுபாடுகள் உணர்விலிருந்து மறைந்துவிடும். தொடையால் சேணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவர், குதிரையின் எந்தப் பின்னங்கால் இப்போது தரையில் இருக்கிறது என்பதை அறியவே முடியாது.

இனி வலப்பக்கச் சரிவைப் பார்ப்போம். உங்கள் உடலைக் குறை சொல்வதற்கு முன் சேணத்தைப் பாருங்கள். தினமும் பலர் இடப்பக்கத்திலிருந்தே ஏறுவதால் இடது ஸ்டிரப் வார் காலப்போக்கில் நீண்டுவிடும். துளைகளின் எண்ணிக்கை இருபுறமும் ஒன்றாக இருந்தாலும் நீளம் ஒன்றாக இராது. இரண்டு வார்களையும் கழற்றி ஒன்றாகத் தொங்கவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸைக் கேளுங்கள். இரண்டையும் அவ்வப்போது இடம் மாற்றிப் போடுவது நல்ல லாயங்களின் வழக்கம். தரையிலிருந்து ஸ்டிரப்பைப் பிடித்து இழுத்து ஏறினால் சேணமே முறுக்கிக்கொள்ளும் என்பதால், ஏறுவதற்குப் படிமேடையைப் பயன்படுத்துங்கள். குதிரைகளுக்கும் ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் விறைப்பாக இருக்கும்; அதனால் குதிரையே உங்களை ஒரு பக்கம் தள்ளுவதும் உண்டு. இரண்டு மூன்று வேறு குதிரைகளிலும் வேறு சேணங்களிலும், இடஞ்சுற்று வலஞ்சுற்று இரண்டிலும் வலப்பக்கமே சரிந்தால், காரணம் உங்களிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பெரும்பாலும் நடப்பது இதுதான். வலப்பக்கம் போகிறோம் என்று தெரிந்ததும் நீங்கள் இடத்தோளை இடப்பக்கம் சாய்க்கிறீர்கள். அப்போது இடது விலாவும் இடது இடுப்பும் நெருங்கி, இடுப்பின் பக்கவாட்டில் ஒரு மடிப்பு விழுகிறது. மேலுடல் இடப்பக்கம் மடிந்தால் இடுப்புக்கூடு வலப்பக்கம் தள்ளப்படும். ஆக, நீங்கள் செய்யும் திருத்தமே சரிவை வளர்க்கிறது. வலது ஸ்டிரப்பில் எடை கூடுகிறது, இடது ஸ்டிரப் பாதத்திலிருந்து நழுவப் பார்க்கிறது, குதிரை அந்தச் சரியும் எடைக்கு அடியில் போய்த் தாங்குவதற்காக வலப்பக்கம் நகர்கிறது. குதிரை சொன்னபடி கேட்கவில்லை என்று பலர் இந்த இடத்தில் கடிவாள வாரை இழுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் குதிரை மிகச் சரியாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பின்னாலிருந்து ஒருவர் கைபேசியில் படம் எடுக்கட்டும். சேணத்தின் பின்விளிம்பின் நடுப்புள்ளிக்கு நேராக உங்கள் முதுகெலும்பு இருக்கிறதா, அக்குளுக்கும் இடுப்புக்கும் இடையிலான தூரம் இருபுறமும் ஒன்றா என்று பாருங்கள். வீட்டில் இரண்டு எடைமானிகள் கிடைத்தால் ஒவ்வொரு காலையும் ஒவ்வொன்றில் வைத்து, கீழே பார்க்காமல் சமமாக நிற்பதாகத் தோன்றும்வரை நின்றுவிட்டுப் பிறகு எண்களை ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். உணர்வுக்கும் எண்ணுக்கும் உள்ள இடைவெளி உங்களை வியக்க வைக்கக்கூடும்.

இதைத் திருத்தும்போது நடுவை நேரடியாகத் தேடாதீர்கள். குதிரை வாக்கில் போகும்போது வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகருங்கள். பிறகு நடுவைத் தாண்டி இடப்பக்கம். மறுபடி வலம், மறுபடி இடம், ஒவ்வொரு முறையும் தூரத்தைக் குறைத்துக்கொண்டு. இரு எல்லைகளும் தெரிந்தபின்தான் மூளையால் நடுவைக் குறிக்க முடியும். அதன்பின் இடக்கையை மெல்லத் தலைக்கு மேல் உயர்த்துங்கள். இடது விலாக்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, விசிறி விரிவது போல் அந்தப் பக்கம் நீளும். அதே கணத்தில் இடது உட்காரும் எலும்பு கீழே இறங்கிக் கனமாகும். சில அடிகள் அப்படியே போங்கள். பிறகு விலாவை இறக்காமல் கையை மட்டும் இறக்குங்கள். அந்தக் கடைசிப் பகுதிதான் கடினம். கை முழங்கை அளவுக்கு வரும்போதே விலாவும் சேர்ந்து இறங்கிவிடும். இறங்கும் அந்த நொடியை நீங்களே பிடித்துவிட்டீர்கள் என்றால், பயிற்சியாளர் சொல்லாமலே திருத்திக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டீர்கள்.

வாக் நடையைச் சலிப்பான தொடக்க நடையாக எண்ணித் தாண்டிப் போகாதீர்கள். உணர்வைக் கற்றுத்தர அதைவிடச் சிறந்த நடை இல்லை. குதிரையின் இடது பின்னங்கால் தரையைவிட்டு முன்னோக்கி வரும்போது அதன் முதுகின் இடப்பக்கம் தாழ்கிறது, வயிறு வலப்பக்கம் ஊசலாடுகிறது. உங்கள் இடது உட்காரும் எலும்பு தாழ்ந்து முன்னே கொண்டுசெல்லப்படுகிறது. கால் ஊன்றி எடையை வாங்கியதும் அந்தப் பக்கம் உயர்கிறது. மனிதன் நடக்கும்போது இடுப்புக்கூடு அசையும் விதத்தோடு இந்த அசைவு மிகவும் ஒத்திருப்பதால்தான் இயன்முறை மருத்துவத்தில் குதிரையின் நடையைப் பயன்படுத்துகிறார்கள். சைஸ் குதிரையைப் பிடித்து நடத்திச் செல்ல, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, இடப்பக்கம் தாழும்போதெல்லாம் "இடது" என்று உரக்கச் சொல்லுங்கள். ஒருவர் பக்கத்தில் நடந்தபடி பின்னங்காலைப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லட்டும். முதலில் தாமதமாகச் சொல்வீர்கள். குதிரை திரும்பும்போது தவறும். சில பாடங்களுக்குப் பிறகு யோசிக்காமலே சரியாக வரும். இதற்கு உடனடிப் பயனும் உண்டு: பின்னங்கால் தரையைவிட்டு எழும் நேரத்தில் அந்தப் பக்கக் காலால் கொடுக்கும் குறிப்பைத்தான் குதிரையால் நிறைவேற்ற முடியும், கால் ஊன்றியிருக்கும்போது கொடுத்தால் அதனால் எதுவும் செய்ய இயலாது. மேலும், வயிறு மறுபக்கம் ஊசலாடும் அந்த நேரத்தில் உங்கள் கால் தானாகவே உள்ளே விழும். உதைக்க வேண்டிய தேவை இல்லை.

இவற்றையெல்லாம் செய்வதற்கு ஏற்ற இடம் லஞ்ச் கயிறு. பயிற்சியாளர் நடுவில் நின்று நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்ட, நீங்கள் குதிரையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு இல்லாமல் உடலை மட்டும் கவனிக்கலாம். வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் சேரும் இளைஞர்கள் ஸ்டிரப்பும் கடிவாள வாரும் இல்லாமல், இந்தக் கயிற்றில்தான் நெடுங்காலம் பயில்கிறார்கள். இங்கே பல பள்ளிகளில் லஞ்ச் என்பது முதல் சில வகுப்புகளோடு முடிந்துவிடுகிறது. மேலே போகப் போகத்தான் அதன் தேவை கூடும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அமைதியான குதிரையும் கயிற்றைக் கையாளத் தெரிந்த பயிற்சியாளரும் இல்லாமல் ஸ்டிரப்பைக் கழற்ற வேண்டாம். தலைக்கவசம் எப்போதும் வேண்டும். சேணத்தின் முன்பகுதியில் பிடித்துக்கொள்ள ஒரு வாரைக் கட்டிவையுங்கள்; பயம் வந்தால் அதைப் பிடிக்கலாம் என்று தெரிந்தாலே தொடை பாதி தளரும்.

துள்ளலுக்கு வருகிறேன். டிராட்டில் குதிரையின் கால்கள் மூலைவிட்ட இணைகளாக, ஓர் இணை மாற்றி ஓர் இணை, தரையில் படுகின்றன. இரண்டுக்கும் நடுவே எல்லாக் கால்களும் காற்றில் இருக்கும் ஒரு கணம் உண்டு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முறை குதிரையின் முதுகு எழுந்து தாழ்கிறது. முதுகு தாழும்போது நீங்கள் அதனுடன் சேர்ந்து தாழாமல் தாமதமாக இறங்கினால், அது மறுபடி எழும் வழியில் உங்களைச் சந்தித்து மேலே எறிகிறது. எறியப்பட்டவர் பயந்து தொடையால் இறுக்குவார். இறுக்கினால் உடல் சேணத்திலிருந்து மேலே பிதுங்கும். அடுத்த அடி இன்னும் கடுமையாக விழும். நன்றாகச் சவாரி செய்பவர் அசையாமல் அமர்ந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அவருடைய இடுப்புக்கூடும் கீழ்முதுகும் ஒவ்வோர் அடிக்கும் அசைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அசைவு குதிரையின் அசைவோடு பொருந்திவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. "அசையாதே" என்ற கட்டளை அதனால்தான் கேடு செய்கிறது.

ஆகவே நீண்ட நேரம் தாங்கிப் பழக வேண்டாம். வாக்கிலிருந்து மிக மெதுவான டிராட்டுக்குப் போய், ஐந்தாறு அடிகள் மட்டும் அமர்ந்திருந்து, துள்ளல் தொடங்குவதற்கு முன்னரே வாக்குக்குத் திரும்புங்கள். பாயில் செய்த 12க்கும் 6க்கும் இடையிலான அதே சிறு உருளலைச் சேணத்தின் மேல் தேடுங்கள். அதை நீங்களாகச் செய்யாமல், குதிரை செய்வதற்கு இடம் கொடுங்கள். முழங்கால்கள் கனத்துத் தரையை நோக்கி இறங்குவதாக எண்ணுங்கள். உரக்க எண்ணிக்கொண்டோ பேசிக்கொண்டோ போங்கள். பேசுபவரால் மூச்சை அடக்க முடியாது. துள்ளல் வந்துவிட்டால் சகித்துக்கொண்டு தொடராதீர்கள். தவறான ஐம்பது அடிகள் உடலுக்கு இறுக்கத்தைத்தான் பழக்கும், குதிரையின் முதுகுக்கும் அது வலி.

பார்வையும் மூச்சும் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்தே முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த நிலையோடு வாழ்ந்த அமெரிக்கப் பயிற்சியாளர் சாலி ஸ்விஃப்ட் (1913–2009), தம் கற்பித்தலை நான்கு அடிப்படைகளின் மேல் அமைத்தார்: மென்மையான பார்வை, மூச்சு, உடலின் மையம், உடற்பகுதிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குதல். மென்மையான பார்வை என்பது ஒரு புள்ளியை வெறித்துப் பார்க்காமல், எதிரே பார்த்தபடியே பக்கங்களில் இருப்பவற்றையும் பார்வைக்குள் வரவிடுவது. குதிரையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலை முன்னால் தொங்கும். அதைத் தாங்க முதுகு முழுவதும் இறுகும். இப்போதே கண்களைச் சுருக்கி எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியை உற்றுப் பாருங்கள். மூச்சு மேலெழுந்து நிற்பதை உணர்வீர்கள். பார்வையை விரித்தால் மூச்சு மறுபடி வயிற்றுக்கு இறங்கும். குதிரையை நிறுத்தும்போது வாரை இழுப்பதற்கு முன் நீளமாக மூச்சை வெளியே விட்டுப் பாருங்கள். பழகிய குதிரைகளில் பல, அந்த மூச்சிலேயே வேகம் குறைக்கும். ஓர் ஈ உட்கார்ந்த இடத்தை மட்டும் தோலைச் சிலிர்த்து உதறும் விலங்கு அது. உங்கள் வயிறு தளர்வது அதற்குத் தெரியாமல் போகாது.

"குதிகாலை இறக்கு" என்பதைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. குதிகால் தாழ்ந்திருப்பது நல்ல இருக்கையின் விளைவு. இடுப்பு மூட்டு திறந்து, எடை தொடை வழியாக முழங்காலைக் கடந்து இறங்கும்போது குதிகால் தானே தாழும். அதை வலிந்து அழுத்தினால் கணுக்கால் பூட்டிக்கொள்ளும், கீழ்க்கால் முன்னே போகும், பிட்டம் சேணத்தின் பின்னால் நகரும். செனஃபோன் வேண்டாம் என்ற நாற்காலி இருக்கையில்தான் போய் முடியும். நாள்தோறும் ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு அந்த இருக்கை ஏற்கெனவே பழகியிருக்கும். சம்மணமிட்டு அமரும் நம்மவர்களுக்கு இடுப்பு மூட்டு நன்றாக நெகிழும், அது நமக்கு நல்லதே. ஆனால் அந்த நெகிழ்வு முழங்காலை வெளியே திருப்பும் திசையில் பழகியது. சேணத்திலோ தொடை சற்று உள்ளே திரும்பி, அதன் தட்டையான உட்புறம் படிய வேண்டும். நிற்கும் குதிரையின் மேல், கையால் தொடையின் பின்சதையைப் பிடித்து வெளிப்புறமாகப் பின்னுக்கு இழுத்துவிட்டால் எலும்பு நேரடியாகச் சேணத்தை நெருங்குவதை உணரலாம்.

காலின் வலிமை இல்லாமல் இருக்கையால் மட்டும் எவ்வளவு செய்ய முடியும் என்று ஐயப்படுபவர்களுக்கு, டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல்லை நினைவூட்டுவேன். 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெஸாஜ் போட்டியில் பெண்கள் ஆண்களோடு போட்டியிட முதன்முறையாக அனுமதிக்கப்பட்டபோது, ஜூபிலி என்ற குதிரையில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இல் ஸ்டாக்ஹோமில் மறுபடியும் வெள்ளி. குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்குப் பிறர் துணை வேண்டியிருந்தது. கீழ்க்காலால் அழுத்த முடியாத அவர், முதுகாலும் எடையின் நுண்ணிய மாற்றத்தாலுமே அந்தக் குதிரையை நடத்தினார்.

உடற்பயிற்சி பற்றிய உங்கள் கேள்விக்கு இப்போது நேரடியாகவே பதில் சொல்லலாம். செய்யுங்கள், ஆனால் தேர்ந்து செய்யுங்கள். மல்லாந்து படுத்து மேலுடலை மடக்கி எழும் பயிற்சி உடலின் முன்பக்கத்தைக் குறுக்கும். சவாரிக்கு அது அதிகம் உதவாது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் மெல்ல நீட்டி இறக்கும் பயிற்சி நல்லது, ஏனெனில் அதில் இடுப்புக்கூடு எந்தப் பக்கம் சரிகிறது என்பது உடனே தெரியும். ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடுவதும் நல்லது. சுவருக்கு அருகில் செய்யுங்கள். கால்களின் நீளத்தில் உண்மையான வேறுபாடு இருப்பதாகத் தோன்றினாலோ, சவாரிக்குப் பின் கீழ்முதுகு வலியோ காலில் மரத்துப்போதலோ இருந்தாலோ, இவற்றையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் பயிற்சியாளரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் கால் மணி நேரத்தை லஞ்ச் கயிற்றுக்கு ஒதுக்கி, "நேராக உட்கார்" என்பதற்குப் பதிலாக, "இப்போது எந்த எலும்பு கனமாக இருக்கிறது?", "எந்தப் பின்னங்கால் முன்னே வருகிறது?", "மூச்சு எங்கே நிற்கிறது?" என்று கேட்கச் சொல்லுங்கள். உங்கள் பதிலையும் அவர் கண்ணால் கண்டதையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் அவர் சொன்னால் போதும். வாக்கில் இரண்டும் ஒத்துப்போகத் தொடங்கிய பிறகு டிராட்டுக்கும், அதிலும் ஒத்துப்போனபின் அதைவிட விரைவான ஓட்டமான கேன்டருக்கும் இதே கேள்விகளைக் கொண்டு செல்லுங்கள். கடிவாள வார்களைக் கையில் வாங்குவது அதற்கும் பிறகு இருக்கட்டும். சமநிலைக்காகக் கை எதையும் பிடிக்கத் தேவையில்லாதபோதுதான் குதிரையின் வாய் உங்கள் எடையிலிருந்து விடுபடும்.